பழைய வண்டிக்கு சிந்தெடிக் ஆயில் ஊத்தலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (மதுரை வாசகர்): சார், அப்பா ஓட்டின 1978 அம்பாசடர், பெட்ரோல், 1489 சிசி, இப்ப என்கிட்ட இருக்கு. என் பையன் அவன் காருக்கு ஊத்துற 5டபிள்யூ-30 ஃபுல்லி சிந்தெடிக்கையே இதுக்கும் ஊத்துப்பா, சும்மா வழுக்கிட்டு ஓடும்ங்கறான். எங்க மெக்கானிக் அண்ணனோ "ஊத்துனா சீல் எல்லாம் போயிடும், வாசல் பூரா ஆயில் தான்"னு பயமுறுத்துறாரு. யார் சொல்றத கேக்கறது?

பதில்: ரெண்டு பேரும் பாதி பாதி சரி சார். முதல்ல மெக்கானிக் சொல்றத பாப்போம், அவர் சும்மா சொல்லல. 1970கள்ல சிந்தெடிக் ஆயில் (ரசாயன முறைல தயாரிக்கறது) கடைக்கு வந்த புதுசுல (மோபில் 1 வந்தது 1974ல) அந்த ஆயில் பழைய ரப்பர் சீலை சுருங்க வெச்சுது, லீக் ஆச்சு, அந்த கெட்ட பேரு இன்னிக்கு வரைக்கும் ஒட்டிக்கிட்டு இருக்கு. அப்புறம் சீல் சுருங்காம இருக்க சேர்க்க வேண்டியத சேர்த்து சரி பண்ணிட்டாங்க, இப்ப வர்ற ஆயில்ல அந்த பிரச்சனை இல்ல.

உங்க வண்டில இன்னொரு வேடிக்கை இருக்கு. இந்த பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் எஞ்சின்ல கிராங்க் ஷாஃப்டோட பின் பக்கம், அதாவது கிளட்ச் பக்கம், ரப்பர் சீலே கிடையாது. ஷாஃப்ட்லயே மரை மாதிரி வெட்டி விட்டிருப்பாங்க, எஞ்சின் சுத்தும்போது அந்த மரை ஆயிலை உள்ள தள்ளிக்கிட்டே இருக்கும், வண்டி நின்னா கொஞ்சம் கசிஞ்சு பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடியிருக்கற கூடு) அடியில இருக்கற ஓட்டை வழியா சொட்டும். அது டிசைனே அப்படி. இல்லாத சீல் எங்க சார் போகும்? ஆனா ஆயில் எவ்வளவு லேசா இருக்கோ அவ்வளவு அதிகமா அந்த வழியா வரும், இதுல மெக்கானிக் சொன்னது சரி தான். சம்ப்ல (எஞ்சின் அடியில ஆயில் தேங்கற தொட்டி) இருக்கற கார்க் கேஸ்கெட்டும் அப்படித்தான், வருஷக்கணக்கா படிஞ்ச கசடு ஓட்டைய அடைச்சு வெச்சிருக்கும், நல்ல டிடர்ஜென்ட் இருக்கற ஆயில் அத கரைச்சு விட்டா ஏற்கனவே இருந்த லீக் தான் வெளிய தெரியும், பழி மட்டும் புது ஆயில் மேல.

இப்ப பையன் விஷயம். அவன் தப்பு பண்றது சிந்தெடிக்ல இல்ல, கிரேடுல. 5டபிள்யூங்கறது மைனஸ் 30 டிகிரி குளிர்லயும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகணும்ங்கற கணக்குக்கு. மதுரைல மார்கழி விடியக்காலைல கூட 20 டிகிரிக்கு பக்கத்துல தான் இருக்கும், அத வெச்சு என்ன பண்ண போறீங்க? முக்கியம் பின்னாடி இருக்கற நம்பர். எஞ்சின் சூடாகி ஆயில் 100 டிகிரிக்கு வந்ததும் 30 கிரேடோட கெட்டித்தன்மை 9.3லேர்ந்து 12.5 சென்டிஸ்டோக்குக்குள்ள இருக்கும், 50 கிரேடு 16.3லேர்ந்து 21.9. கிட்டத்தட்ட டபுள். உங்க எஞ்சின் பேரிங் இடைவெளி எல்லாம் கெட்டி ஆயிலை நம்பி வெச்சது, அதுவும் இத்தனை வருஷம் ஓடி தேஞ்சிருக்கும். இதுல 5டபிள்யூ-30 ஊத்திட்டு ஒரு மணி நேரம் ஓட்டி சிக்னல்ல நிறுத்தி பாருங்க, ஐடில்ல ஆயில் லைட் மினுக் மினுக்னு எரியும், ஆயில் பிரஷர் கேஜ் இருக்கற வண்டின்னா முள்ளு கீழ இறங்கிடும், டாப்பட் (வால்வை தள்ளி திறக்கற பாகம்) சத்தமும் கூடும்.

அதனால 20டபிள்யூ-50 ஊத்துங்க, மினரல், அதாவது சாதா ஆயிலே போதும். பையன் மனசு கஷ்டப்படக்கூடாதுன்னா 15டபிள்யூ-50 இல்ல 20டபிள்யூ-50லயே சிந்தெடிக் வருது, அத ஊத்துங்க, ஒண்ணும் ஆகாது. கோடைல ஹைவேல இழுத்து ஓட்டறவங்களுக்கு நிஜமாவே நல்லது, சூட்டுல சீக்கிரம் கெட்டுப்போகாது. கல்யாண மண்டபத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் போற வண்டிக்கு அவ்வளவு காசு தேவையில்லங்கறது என் அபிப்ராயம்.

கேள்வி (கோவை வாசகர்): என்கிட்ட பிரீமியர் பத்மினி. போரிங் பண்ணி புது பிஸ்டன், ரிங், கேம் ஷாஃப்ட் எல்லாம் போட்டாச்சு. இவ்வளவு செலவு பண்ணிட்டு சாதா ஆயில் ஊத்த மனசு வரல. அப்புறம் இப்ப வர்ற ஆயில்ல ஸிங்க் கம்மி பண்ணிட்டாங்க, பழைய எஞ்சின் கேம் தேஞ்சிடும்னு படிச்சேன், நிஜமா?

பதில்: மனச கொஞ்சம் தேத்திக்கோங்க, இப்ப சாதா ஆயில் தான். புது ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒண்ணோட ஒண்ணு உரசி படியணும், ரொம்ப வழுக்குற ஆயிலை முதல் நாளே ஊத்துனா அது லேட் ஆகும், சரியா படியாம ஆயில் குடிக்க ஆரம்பிச்சா எஞ்சினை மறுபடி இறக்கணும். முதல்ல மினரல், ஒரு 500 கிலோமீட்டர்ல அத வடிச்சுடுங்க (வடிக்கறப்ப ஆயிலை வெயில்ல புடிச்சு பாருங்க, பொடி பொடியா மினுமினுக்கும், அது உரசல்ல வந்த இரும்புத்தூள், முதல் தடவைன்னா பயப்படாதீங்க), மறுபடி மினரல், ஒரு 2000, 3000 ஓடினப்புறம் ஆசைப்பட்டா சிந்தெடிக்.

ஸிங்க் விஷயம் நிஜம் தான், ஆனா பாதி கதை தான் சுத்துது. இசட்டிடிபிங்கற அந்த கலவைல ஸிங்க்கும் பாஸ்பரஸும் இருக்கு, கேமும் டாப்பட்டும் அழுத்தி உரசற இடத்துல அது ஒரு மெல்லிய படலமா படிஞ்சு இரும்பு இரும்ப தின்னாம காப்பாத்தும். உங்க பத்மினில டாப்பட் தட்டையா கேம் மேல தேச்சுக்கிட்டே ஓடறது, ரோலர் எல்லாம் கிடையாது, அதனால இது வேணும். ஆனா பாஸ்பரஸ் புது கார்களோட கேட்டலிட்டிக் கன்வர்ட்டர கெடுக்கும்னு அளவ குறைச்சாங்க, 2004ல வந்த ஏபிஐ எஸ்எம்ங்கற ஆயில் தர அளவுகோல்ல பாஸ்பரஸ் 0.08 சதவீதம் தான் உச்சம். இங்க தான் எல்லாரும் விட்டுடறாங்க: அந்த உச்சவரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 மாதிரி லேசான கிரேடுகளுக்கு தான், 20டபிள்யூ-50க்கு கிடையாது. ஆக நீங்க சரியான கிரேடு வாங்கினாலே பாதி கவலை தீந்துது. இந்த பயமே அமெரிக்காவுல பெரிய வி8 எஞ்சின்ல கெட்டி ஸ்பிரிங் போட்டு ரேஸ் கேம் மாட்டறவங்ககிட்டேர்ந்து வந்தது. நம்ம 1089 சிசில ஸ்பிரிங் அவ்வளவு முரட்டுத்தனம் இல்ல. தனியா பாட்டில்ல விக்கற ஸிங்க் மருந்த வாங்கி கண்ணளவுல ஊத்தாதீங்க, அளவு மீறினா அதுவும் கெடுதல் தான்.

கேள்வி (சென்னை வாசகர்): ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வெச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை மட்டும் பீச் வரைக்கும். சிந்தெடிக் ஊத்திட்டா 10,000 கிலோமீட்டர் தாங்கும்னு கடைல சொல்றாங்க, அப்ப எனக்கு நாலஞ்சு வருஷத்துக்கு ஆயில் மாத்த வேணாம் தானே?

பதில்: நல்லா கணக்கு போட்டீங்க! நம்ம சென்னைலயே செஞ்ச வண்டி, அத இப்படி பண்ணாதீங்க. அந்த 10,000 கிலோமீட்டர் கணக்கு இன்ஜெக்டர் வெச்ச புது எஞ்சினுக்கு. உங்களோடது கார்புரேட்டர், சோக் இழுத்து ஸ்டார்ட் பண்றப்பல்லாம் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர்ல வழிஞ்சு சம்புக்குள்ள இறங்குது. பீச் வரைக்கும் போயிட்டு வந்தா ஆயில் முழுசா சூடே ஆகாது, அந்த பெட்ரோலும் தண்ணி ஈரமும் ஆவியாகாம உள்ளயே தங்கி ஆசிடாகி பேரிங்கை அரிக்கும். டிப் ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்க, பெட்ரோல் வாடை அடிச்சா கிலோமீட்டர் எவ்வளவுன்னு பாக்காம மாத்திடணும். ஓடினாலும் ஓடலனாலும் வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தறது தான் வழி, அப்படி மாத்தறதா இருந்தா விலை அதிகமான ஆயில் எதுக்கு? மிச்ச காசுக்கு ஃபில்டர் நல்லதா வாங்குங்க. மாசம் ஒரு தடவையாவது மகாபலிபுரம் வரைக்கும் போயிட்டு வாங்க, வண்டிக்கும் நல்லது உங்களுக்கும் நல்லது.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): பல வருஷம் நின்ன அம்பாசடர வாங்கியிருக்கேன். ராக்கர் கவர திறந்தா உள்ள கரி மாதிரி கசடு. ஃப்ளஷிங் ஆயில் ஊத்தி கழுவிட்டு சிந்தெடிக் போடலாமா?

பதில்: வேணாம். அந்த கசடு ஒரேயடியா பேந்து வந்தா சம்ப்ல இருக்கற சல்லடைல போயி அடைச்சுக்கும், ஆயில் மேல ஏறாது, பேரிங் காலி. சம்பை கழட்டுங்க, கையால வழிச்சு எடுங்க, சல்லடைய மண்ணெண்ணெய்ல கழுவி புது கேஸ்கெட் போட்டு மூடுங்க. அப்புறம் சாதா 20டபிள்யூ-50, ஆயிரம் கிலோமீட்டருக்குள்ள ஒரு தடவை ஃபில்டரோட மாத்துங்க, ஆயில் கருப்பா வந்தா சந்தோஷப்படுங்க, கழுவுதுன்னு அர்த்தம்.

கேள்வி (திருச்சி வாசகர்): வழில ஆயில் கம்மியாயிடுச்சுன்னா சிந்தெடிக் மேல மினரல் கலந்து ஊத்தலாமா? தயிராயிடும்னு சொல்றாங்களே?

பதில்: ஆகாது. ரெண்டும் கலக்கும். சிந்தெடிக்குக்கு குடுத்த காசு கொஞ்சம் வேஸ்ட், அவ்வளவு தான். கிரேடு பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும், டிப் ஸ்டிக்ல மேல் கோட்டை தாண்டாம ஊத்துங்க. ஆனா ஆயில் இல்லாம மட்டும் அடுத்த ஊர் வரைக்கும் ஓட்டிப்போகலாம்னு நினைக்காதீங்க.