வால் முட்டுகிறது, விசிறி வெட்டுப்படுகிறது: எடிட்டரில் வரி இடைவெளி, கேள்வி பதில்

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் கலந்த கோப்புகளோடு கொழும்பில் தினமும் மல்லுக்கட்டுகிறவன் நான். விஎஸ் கோட், ஈமேக்ஸ், விம், சப்லைம் ஆகியவை கோடும் எழுத்தும் தட்டுகிற எடிட்டர்கள்; வரிக்கு எவ்வளவு உயரம் என்பதை ஒவ்வொன்றும் ஒரு விதமாகக் கேட்கும். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணா, விஎஸ் கோடில் மேல்வரி ‘கூ’வின் வால் கீழ்வரி ‘தீ’யில் முட்டுகிறது. லைன் ஹைட்டுக்கு 7 போட்டேன். திரையில் ஆறு வரிதான் மிச்சம்! (வெள்ளவத்தை மாணவி)

7 பிக்சல் என்று நினைத்துப் போட்டிருக்கிறீர்கள், தங்கச்சி. 8-க்குக் குறைந்த எண்ணை அது எழுத்தளவின் மடங்காக எடுத்துக்கொள்ளும். எழுத்தளவு 14 என்றால் ஏழு மடங்கு, அதாவது வரிக்கு 98 பிக்சல். ஆறு வரி தெரிந்ததே பெரிய விஷயம். 8-ம் அதற்கு மேலும் போட்டால்தான் பிக்சல். 0 போட்டால் தானே கணக்குப் பார்க்கும். விண்டோஸில் 14-க்கு 19 பிக்சல் வரும். ஆங்கிலத்துக்கு அது தாராளம். மேலே விசிறியும் (‘கி’, ‘கீ’யின் மேல்வளைவு) கீழே வாலும் வைத்திருக்கிற நமக்குப் போதாது. 1.7 போட்டுப் பாருங்கள், 24 பிக்சல் ஆகும். எனக்கு அது சரியாக இருக்கிறது.

ஈமேக்ஸில் தமிழ் வருகிற வரி மட்டும் உயர்ந்து நிற்கிறது. இடைவெளியைக் குறைத்தும் போகவில்லை. (தெமட்டகொடை)

போகாது. அங்கே லைன் ஸ்பேசிங் என்பது இருக்கிற உயரத்தோடு கூட்டுவது. முழு எண் கொடுத்தால் பிக்சல், 0.2 போலக் கொடுத்தால் விகிதம். வரியின் உயரத்தை முடிவு செய்வது அந்த வரியில் உள்ள ஆக உயரமான எழுத்துருதான். உங்கள் கோடிங் எழுத்துருவில் தமிழ் இல்லை. அதனால் கணினி வேறொன்றைக் கொண்டுவந்து ஒட்டுகிறது, வரி எம்புகிறது. என்னைக் கேட்டால், இந்த வில்லங்கங்களில் பாதி எண்ணால் வருவதில்லை, இப்படி ஒட்டுப்போட்ட எழுத்துருவால் வருகிறது. எந்த மொழிக்கு எந்த எழுத்துரு என்று சொல்லும் ஃபொன்ட்செட்டில், தமிழுக்கு ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ எழுத்துருவை நீங்களே பெயர் சொல்லிக் கொடுங்கள். பிறகு எழுத்துருவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரீஸ்கேல் பட்டியலில் அதற்கு 0.85 வையுங்கள். உயரம் கிட்டத்தட்டச் சமமாகிவிடும்.

விம்மில்?

தனி ஜன்னலில் ஓடும் ஜீவிம் என்றால் லைன்ஸ்பேஸ் என்ற செட்டிங், பிக்சலில். டெர்மினலுக்குள் (கட்டளை தட்டும் ஜன்னல்) ஓடும் விம்முக்கு அந்த அதிகாரம் இல்லை, டெர்மினலின் செட்டிங்கைத்தான் மாற்ற வேண்டும்.

தம்பி, பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்த மலரை யுனிகோடுக்கு மாற்றினோம். 40 பக்கம் 47 ஆனது. வேர்டில் வரி இடைவெளியை எக்ஸாக்ட்லி 12 என்று வைத்தேன், இப்போது ‘கீ’யின் தலை வெட்டுப்படுகிறது. (கொட்டாஞ்சேனை, அச்சக வேலை)

ஐயா, சிங்கிள் என்று வைத்தால் வேர்ட் எழுத்துரு சொல்லும் உயரத்தையே எடுக்கும். லதா போன்ற தமிழ் எழுத்துருக்கள் தாராளமாகவே சொல்லும், அதுதான் அந்த ஏழு பக்கம். எக்ஸாக்ட்லி வைத்தால் எழுத்து எவ்வளவு உயரமானாலும் வேர்ட் கவலைப்படாது, மிஞ்சியதை வெட்டிவிடும். எழுத்து 11 புள்ளி என்றால் 16-இலிருந்து தொடங்குங்கள். அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை: ‘துணுக்கு கூறு’ என்று ஒரு வரி, அடுத்த வரியில் ‘தீர்வீர் ஸ்ரீ’. இரண்டும் தொடாமல் நிற்கிற ஆகக் குறைந்த அளவு எதுவோ அதற்கு ஒரு புள்ளி மேலே வையுங்கள். ஈய எழுத்துக் காலத்தில் வரிகளுக்கு நடுவே ஈயப் பட்டியைச் செருகுவார்கள். ஆங்கிலத்தில் லெடிங் என்ற பெயரே அந்த ஈயத்தால் வந்தது. உங்கள் அச்சகத்துப் பழைய ஆட்களிடம் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

எடிட்டரில் இடைவெளியைக் கூட்டினால் கோப்பு மாறுமா? சேர் திட்டுவார்.

மாறாது. உங்கள் திரையில் மட்டும்தான். ஆனால் வேர்டில் மாற்றினால் அது கோப்போடு போகும், கவனம்.

சப்லைமில் ஒரே எண்ணைத் தேடினேன், கிடைக்கவில்லை. (பம்பலப்பிட்டி)

அங்கே லைன் பேடிங் மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என்று தனித்தனி, இரண்டும் பிக்சல். தமிழுக்கு இது வசதிதான். இரண்டிலும் 2 போடுங்கள். வால் இன்னும் முட்டினால் கீழே மட்டும் 4 ஆக்குங்கள்.