உரப்பானையில் மக்காத 'மக்கும்' டம்ளர்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். கடையில் கொடுத்த 'மக்கும்' பையையும், சோளத்தில் செய்தது என்று சொன்ன ஜூஸ் டம்ளரையும் ஆறு மாதம் முன்பு மொட்டை மாடி உரப்பானையில் போட்டேன். பை அங்கங்கே கிழிந்திருக்கிறது. டம்ளர் போட்டது போட்டபடி இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: முழுக்க ஏமாறவில்லை. மக்கும் என்று சொன்னவர்கள், எந்தச் சூட்டில் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். எனக்கும் இதில் வருத்தம் உண்டு.

டம்ளர் அநேகமாக பிஎல்ஏ, அதாவது பாலிலாக்டிக் அமிலம். சோள மாவுச்சத்தையோ கரும்புச் சர்க்கரையையோ புளிக்கவைத்து, வரும் லாக்டிக் அமிலத்தை நீண்ட சங்கிலியாகக் கோத்தது. அவ்வளவு நீளத்தை நுண்ணுயிர்களால் அப்படியே தின்ன முடியாது. முதலில் தண்ணீர் உள்ளே புகுந்து சங்கிலியைத் துண்டு துண்டாக அறுக்க வேண்டும். அப்புறம்தான் அவற்றுக்குச் சாப்பாடு. 60 டிகிரிக்குக் கீழே பிஎல்ஏ இறுகிக் கிடப்பதால் தண்ணீரின் வேலை மிக மெதுவாகத்தான் நடக்கும். அதே டம்ளரில் சுடச்சுடக் காபி ஊற்றினால் குழைந்து சாய்ந்துவிடும். அந்தச் சூடு வாரக்கணக்கில் இருந்தால்தான் அது மக்கும். பெரிய உர ஆலைக் குவியல் தானாகவே அவ்வளவு கொதிக்கும். சின்னப் பானையில் வரும் சூடு உடனே வெளியேறிவிடும், அதுவும் பெங்களூரு குளிரில். குப்பைமேட்டிலோ ஏரியிலோ விழுந்தாலும் இதே கதைதான், பல வருஷம் கிடக்கும்.

பை வேறு சரக்கு. இந்த மாதிரிப் பைகள் பெரும்பாலும் மாவுச்சத்தும் பிபிஏடி என்ற ஒருவகைப் பிளாஸ்டிக்கும் கலந்தவை. மாவுச்சத்தை நுண்ணுயிர்கள் முதலில் தின்றுவிடும், கிழிசல் அதனால்தான். பிபிஏடி பொதுவாகப் பெட்ரோலியத்தில் வருவது, ஆனாலும் மக்கும். கரும்பிலிருந்து எடுத்த பாலிஎத்திலீனோ சாதாரண பாலிதீன் மாதிரியே மக்காது. எதிலிருந்து வந்தது என்பதை வைத்து மக்குமா என்று முடிவு கட்டாதீர்கள்.

பையில் ஐஎஸ் 17088 என்ற, மக்கும் பிளாஸ்டிக்குக்கான இந்தியத் தரக்குறி இருக்கிறதா பாருங்கள். அதற்கான சோதனை சுமார் 58 டிகிரியில் நடக்கிறது. 180 நாளுக்குள் பொருளின் கார்பனில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும். உங்கள் மாடியில் அந்தச் சூடு இல்லை. 'ஆக்ஸோ' என்று போட்டிருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். அது சீக்கிரம் உடைவதற்கு ரசாயனம் கலந்த சாதாரண பிளாஸ்டிக்தான், பொடிப்பொடியாக உடைந்து மண்ணில் தங்கிவிடும்.

சரி, இப்போது என்ன செய்வது? டம்ளரை எடுத்துவிடுங்கள். உலர் கழிவோடும் சேர்க்க வேண்டாம், பெட் (PET) பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களின் மறுசுழற்சியைக் கெடுத்துவிடும். உங்கள் ஈரக்கழிவு போகும் ஆலை இதை ஏற்குமா என்று வண்டிக்காரரிடம் கேளுங்கள். இல்லையென்றால் மறுசுழற்சிக்கு ஆகாத கழிவோடுதான் போட வேண்டும். பையில் தரக்குறி இருந்தால் சின்னதாக நறுக்கி, பானையை ஈரமாக வைத்து வாரம் ஒரு முறை கிளறுங்கள். உரத்தைச் சலித்தபின் செடிக்குப் போடுங்கள். சல்லடையில் தங்கும் துண்டுகள் திரும்பப் பானைக்கே போகட்டும்.