போட்டோஷாப்பில் படம் வெட்ட கிளிப்பிங் பாத்தா, மாஸ்க்கா? முதலில் எதைப் பழகுவது?

ஏஐயால் ஒரே கிளிக்கில் பின்னணி போய்விடுகிற காலத்தில் பென் டூலையும் (புள்ளி வைத்து வெட்டுக்கோடு வரையும் கருவி, அந்தக் கோடுதான் கிளிப்பிங் பாத்) மாஸ்க்கையும் (படத்தை அழிக்காமல் மறைக்கும் திரை) எதற்குப் பழக வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். வகுப்பில் சேர்ந்து இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். மாஸ்டர் ஒரு போத்தல் படத்தைத் தந்து சுற்றிவரப் புள்ளி வைக்கச் சொல்லியிருப்பார், உங்களுக்கும் அலுத்துப் போயிருக்கும். கேள்வியைக் கண்டதும் எனக்கு ஒரு தோடுதான் ஞாபகம் வந்தது.

2011இல் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் வேலை செய்தேன். பெயர் வேண்டாம். கலியாண அட்டை, பில் புத்தகம், கல்வெட்டு என்று நாள் முழுக்க வேலை. கல்வெட்டு என்பது 31ஆம் நாளுக்கு அடிக்கிற நினைவு மலர், இந்தியாவில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு அக்கா வந்தார். தாய் செத்துக் கிட்டத்தட்ட நாலு கிழமை. நல்ல படம் என்று இருந்தது ஒரு கலியாணக் குறூப் போட்டோ மட்டும்தான், ரொறன்ரோவில் இருக்கும் தம்பி கொண்டுவந்தது. நான் ஸ்கேன் பண்ணிவிட்டுக் கொடுத்தேன். தம்பி அன்றிரவே படத்தோடு விமானம் ஏறிவிட்டார்.

பின்னால் வெளிர்மஞ்சள் டிஸ்டெம்பர் சுவர். கிட்டக்கிட்ட ஒரே நிறமான இடத்தைத் தெரிவு செய்யும் மேஜிக் வாண்டை எடுத்து, டாலரன்ஸ் (எவ்வளவு நிற வித்தியாசம் வரை சேர்க்கலாம் என்ற அளவு) வழக்கமான 32இல் இருக்க, சுவரில் ஒரு தட்டு, டிலீட். மிச்சத்தை இரேசரால் தேய்த்தேன். லேயரை ஒன்றாக்கி, ஸ்கேன் பண்ணிய கோப்பின் பெயரிலேயே சேமித்து மூடினேன். பத்து நிமிட வேலை. முதலாளிக்கும் சந்தோஷம்.

மறுநாள் ப்ரூஃப் பார்க்க வந்த அக்கா தாளில் தாயின் முகத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "தம்பி, அம்மான்ர தோடு எங்க?"

திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளைக்கல் தோடு. சுவரின் நிறமும் கல்லின் நிறமும் கிட்டக்கிட்ட இருந்ததால் வாண்ட் கல்லையும் காதின் கீழ்ப்பாதியையும் சேர்த்துத் தின்றுவிட்டது. காதோரத்து நரைமுடியும் இல்லை, தலையைக் கத்தரியால் நறுக்கிய மாதிரி இருந்தது. திரும்பக் கொண்டுவர வழியில்லை. அந்தியேட்டிக்கு, அதாவது அந்த 31ஆம் நாள் கிரியைக்கு, மூன்று நாள்தான் இருந்தது. "பரவாயில்ல, அடியுங்கோ" என்றார். வாசலில் நின்று, "அது அப்பா செட்டியார் தெருவில வாங்கிக் குடுத்தது" என்று மட்டும் சொன்னார். 300 பிரதி, தோடு இல்லாமலே போனது.

மாஸ்க் போட்டிருந்தால் வெள்ளைத் தூரிகையால் இரண்டு இழுவை, தோடு திரும்பி வந்திருக்கும். மாஸ்க் எதையும் அழிப்பதில்லை. கறுப்புப் பூசிய இடம் மறையும், வெள்ளை பூசிய இடம் தெரியும், சாம்பல் பூசினால் பாதி தெரியும். 8 பிட் படத்தில் கறுப்பில் இருந்து வெள்ளை வரை 256 படி. முடி, புகை, மெல்லிய முந்தானை எல்லாம் அந்த நடுச் சாம்பலில்தான் உயிரோடு இருக்கும்.

கிளிப்பிங் பாத்தில் அந்த நடு கிடையாது. கோட்டுக்கு உள்ளே இருந்தால் இருக்கு, வெளியே போனால் இல்லை. அது வந்ததே பத்திரிகைப் பக்கம் கட்டுபவர்களுக்காக. அச்சுக்கு அனுப்பும் பழைய கோப்பு வகையான இபிஎஸ்ஸுக்கு ஒளிபுகும் தன்மையைச் சுமக்கத் தெரியாது. ஆகவே வெட்டும் கோட்டைக் கோப்புக்குள்ளேயே வைத்து அனுப்பினார்கள், பக்கம் கட்டும் மென்பொருளான குவார்க் எக்ஸ்பிரஸ் அந்தக் கோட்டின்படி வெட்டிக் காட்டும். பால்மா டின், சப்பாத்து, போத்தல் போல ஓரம் கூர்மையான சாமானுக்கு இன்றைக்கும் பென் டூலை மிஞ்ச ஒன்றுமில்லை. புள்ளிகளைக் குறைவாக, வளைவு திரும்பும் இடத்தில் மட்டும் வையுங்கள். கோடு விளிம்பில் இருந்து அரைப் பிக்சல் உள்ளே போகட்டும், இல்லாவிட்டால் பழைய பின்னணி வெள்ளைக் கரையாக ஒட்டிக்கொண்டு வரும்.

பாத்தால் முடியும் வெட்டலாம் என்று சண்டைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். வெட்டலாம், தொப்பி போட்ட மாதிரி இருக்கும். ஏஐயைக் குறை சொல்கிறேன் என்றும் நினைக்காதீர்கள், நானும் தினமும் பாவிக்கிறேன். ஆனால் அது தருவதை மாஸ்க்காக வாங்கி, 200 சதவீதத்தில் ஓரம் முழுக்கச் சுற்றிப் பார்த்துத்தான் கொடுக்கிறேன். எது தோடு, எது சுவர் என்று அதற்குத் தெரியாத இடம் ஒன்றாவது இருக்கும்.

அடுத்த வருடம் அந்தத் தம்பியிடம் ஸ்கேன் கேட்டு வாங்கினேன். தோளும் சேலைக் கரையும் பென் டூலால். முடிக்கு நீலச் சேனலை, அதாவது படத்தின் நீல ஒளியை மட்டும் கறுப்பு வெள்ளையாகக் காட்டும் பகுதியை, பிரதி எடுத்தேன். மஞ்சள் சுவர் அதில் கருத்துத் தெரியும், நரைமுடி வெளிறித் தெரியும். கறுப்பையும் வெள்ளையையும் கூட்டிக் குறைக்கும் லெவல்ஸில் இன்னும் கொஞ்சம் பிரித்தால் அதுவே மாஸ்க். தோட்டை மட்டும் 400 சதவீதத்தில் தனியாக வெட்டினேன், காதுக்கும் கல்லுக்கும் இடையில் இருந்த சின்ன இடைவெளியோடு. மூன்று மணித்தியாலம் பிடித்தது. பிரேம் போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அந்தக் கோப்பு இன்னும் லேயரோடு என்னிடம் இருக்கிறது.

கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும், மனதில் கிடக்கிறது. கொழும்பில் எத்தனை பெயர்ப்பலகையில், பதாகையில் தமிழ் எழுத்து உடைந்து கிடக்கிறது! கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம். யூனிகோட் தமிழை அப்படியே போட்டோஷாப்பில் ஒட்டிவிட்டு, வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமலே அச்சுக்கு அனுப்புகிறார்கள். டைப் அமைப்பில் தெற்காசிய மொழிக்கான தெரிவைப் போட்டால் தீருகிற விஷயம். 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழி என்று எழுதிவைத்த நாட்டில், தெருப் பெயரைப் பிழையில்லாமல் வாசிக்க ஆசைப்படுவது பெரிய ஆசையா?

சரி, உங்கள் கேள்வி. முதலில் மாஸ்க். இன்றைக்கே கன்ட்ரோல் ஜே அடித்து லேயரைப் பிரதி எடுத்து, மாஸ்க் போட்டுப் பழகுங்கள், லேயரை அப்படியே வைத்திருக்கும் போட்டோஷாப் கோப்பான பிஎஸ்டியாகச் சேமியுங்கள். இரேசர் பக்கம் கையைக் கொண்டுபோக வேண்டாம். பென் டூல் கைவர மாதக்கணக்கில் ஆகும், பொறுமையாகச் செய்யுங்கள். பென் டூலைப் போத்தலில் தொடங்கச் சொன்ன மாஸ்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.