கணக்கு முடக்கம், கருத்துச் சுதந்திரம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு வாரமாகச் சண்டை. மேகன் மர்ஃபி என்ற கனடா நாட்டுப் பெண்ணியவாதியின் கணக்கை 2018இல் ட்விட்டர் நிரந்தரமாக முடக்கியதைப் பற்றிய பேச்சில் தொடங்கியது. திருநங்கைகளைப் பெண்கள் என்று ஏற்க மாட்டேன் என்று எழுதியதற்காகவாம். ட்விட்டர் தனியார் கம்பெனி, யாரை உள்ளே விடுவது என்பது அவர்கள் இஷ்டம் என்கிறார் ஒரு நண்பர். இது கருத்துச் சுதந்திரத்தின் கழுத்தை நெரிக்கும் வேலை என்கிறார் இன்னொருவர். எனக்குத் திருநர்கள் மேல் எந்த வெறுப்பும் கிடையாது. ஆனால் ஒரு கேள்வி கேட்டாலே வெறுப்பாளன் என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம்?

(பெயர் வெளியிட வேண்டாம்)
கோவை

அன்புள்ள நண்பருக்கு,

மர்ஃபி என்ன எழுதினார் என்பதைப் பார்க்காமலே உங்கள் நண்பர்கள் இருவரும் மோதிக்கொள்கிறார்கள் என்று தோன்றுகிறது. அவர் எழுதியது இரண்டு வகை. ‘ஆண்கள் பெண்கள் இல்லையே’ என்றது ஒன்று. அதற்கு ட்விட்டர் கணக்கைத் தற்காலிகமாகப் பூட்டி, பதிவை நீக்கச் சொன்னது. அந்த நவம்பரில் வந்த நிரந்தரத் தடை இன்னொன்றுக்காக. பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த ஒரு திருநங்கையைக் குறித்து, ‘ஆமாம், அவன்தான்’ என்று ஆண்பாலில் எழுதியிருந்தார்.

என் பார்வையில் இரண்டும் ஒன்றல்ல. பால் என்பது உடலா, அடையாளமா, சட்டம் எதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் பொதுவில் பேசித் தீர வேண்டிய விஷயம். அதில் மர்ஃபி சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் சொல்ல விட வேண்டும். ஒரு ஆளைக் கைகாட்டிச் சீண்டுவது வேறு. ஒரு திருநங்கை என்ன எழுதினாலும் அதன் கீழே கும்பலாக வந்து பழைய பெயரைச் சொல்லிக் கூவினால், அவர் பேசுவதையே நிறுத்திவிட்டுப் போய்விடுவார். அப்படிப் போனவர்களின் கருத்துச் சுதந்திரத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை. திருநர்களை வேண்டுமென்றே தவறான பாலிலோ பழைய பெயரிலோ அழைக்கக் கூடாது என்ற விதியை ட்விட்டர் 2018இல் கொண்டுவந்ததற்கு நியாயம் இருந்தது. கருத்தையும் சீண்டலையும் ஒரே விதியில் போட்டு அடைத்ததுதான் கோளாறு. ஒரு சீண்டலுக்கு அந்தப் பதிவை நீக்கச் சொன்னால் போதும், ஆயுள் தடை அதிகம்.

மர்ஃபி 2019இல் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார், தோற்றார். மேல்முறையீடும் 2021 ஜனவரியில் போய்விட்டது. அவர் சொன்னது சரியா தவறா என்ற இடத்துக்கே நீதிமன்றம் போகவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது என்பதில் இணைய நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவோடு கதை முடிந்தது. ஆக, அமெரிக்கச் சட்டப்படி உங்கள் முதல் நண்பர் சொல்வது சரி.

ஆனால் அப்புறம் நடந்ததை அவரிடம் சொல்லுங்கள். 2022 அக்டோபரில் எலான் மஸ்க் கம்பெனியை வாங்கினார். நவம்பரிலேயே மர்ஃபியின் கணக்கு திரும்பி வந்தது. 2023 ஏப்ரலில் அந்த விதியையே சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். ஜூனில் மஸ்க், திருநர் அல்லாதவர்களைக் குறிக்கும் ‘சிஸ்’ என்ற சொல் இந்தத் தளத்தில் வசைச்சொல்லாகக் கருதப்படும் என்று அறிவித்தார். பேச்சுரிமைக் காவலராக வந்தவர் வேறொரு சொல்லுக்குப் பூட்டுப் போட்டார், அவ்வளவுதான். முதலாளியின் இஷ்டம் என்று ஒப்புக்கொண்டால் இதற்கும் கைதட்டத்தான் வேண்டும்.

இரண்டாவது நண்பருக்கு வருகிறேன். கழுத்தை நெரிப்பது என்ற பேச்சை ஹாரி மில்லர் மாதிரியான விஷயத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அவர் இங்கிலாந்துக்காரர், முன்னாள் போலீஸ்காரர். பால் அடையாளச் சட்டத்தை மாற்றுவதை எதிர்த்து ட்விட்டரில் எழுதிவந்தார். ‘பிறந்தபோது என்னைப் பாலூட்டி என்று பதிந்தார்கள், ஆனால் என் நாட்டம் மீன்’ என்று திருநர்கள் பேசும் விதத்தைக் கேலி செய்கிற பாணி. (எனக்குச் சிரிப்பு வரவில்லை, அது வேறு விஷயம்.) ஒரே ஒருவர் புகார் கொடுத்தார். 2019 ஜனவரியில் ஹம்பர்சைட் போலீஸ்காரர் ஒருவர் மில்லரின் வேலையிடத்துக்கே போனார், அவர் அங்கே இல்லாததால் போனில் பிடித்தார். குற்றம் ஒன்றும் இல்லை என்று போலீஸே ஒத்துக்கொண்டது. ஆனாலும் ‘குற்றமல்லாத வெறுப்புச் சம்பவம்’ என்று பதிவேட்டில் ஏறியது.

இந்த விசித்திரமான பதிவேட்டுக்குப் பின்னால் ஒரு கொலை இருக்கிறது. 1993இல் லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார், விசாரணையைப் போலீஸ் சொதப்பியது. அதை ஆராய்ந்த மெக்ஃபர்சன் அறிக்கை 1999இல், குற்றமாகாத இனவெறிச் சம்பவங்களையும் பதிய வேண்டும் என்றது. கொலைக்கு முன்னால் வரும் அறிகுறிகள் தப்பக்கூடாது என்ற கவலையில் பிறந்த ஏற்பாடு, இருபது வருடத்தில் மீன் நகைச்சுவையில் வந்து நின்றது. 2020 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் மில்லர் பக்கம் நின்றது. சோவியத்தின் செக்கா, நாஜி ஜெர்மனியின் கெஸ்டபோ, கிழக்கு ஜெர்மனியின் ஸ்டாசி போன்ற ரகசியப் போலீஸ்கள் பிரிட்டனில் இருந்ததில்லை என்று நீதிபதி காட்டமாகவே எழுதினார். 2021 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பதிவுக்கான வழிகாட்டுதலே சட்டவிரோதம் என்றது.

நான் எந்தப் பக்கம் என்று கேட்டீர்கள். மாயா ஃபோர்ஸ்டேட்டர் வழக்கில் 2021 ஜூனில் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பின் பக்கம். அவரும் மர்ஃபியைப் போலவே, திருநங்கைகள் பெண்கள் அல்ல என்று ட்விட்டரில் எழுதியவர். லண்டனில் ஓர் ஆய்வு நிறுவனம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கீழ்த் தீர்ப்பாயம், ஜனநாயகச் சமூகத்தில் மதிக்கத் தகாத நம்பிக்கை அது என்று 2019இல் சொல்லிவிட்டது. மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. நாஜிசம் மாதிரியான கருத்துகளைத்தான் அப்படித் தள்ளிவைக்கலாம், இது அந்த வகை அல்ல என்றார்கள். அதே தீர்ப்பிலேயே, இதனால் திருநர்களை இஷ்டத்துக்குத் தவறான பாலில் அழைக்கலாம் என்று ஆகாது, சமத்துவச் சட்டம் அவர்களையும் காக்கிறது என்றும் எழுதியிருக்கிறது. ஃபோர்ஸ்டேட்டரின் ஆதரவாளர்கள் பலர் அந்தப் பகுதியை வசதியாகத் தாண்டிப் போகிறார்கள்.

வெறுப்பாளன் என்று முத்திரை குத்துகிறார்கள் என்கிறீர்கள். சரி, அதுவும் அவர்களுடைய பேச்சுரிமைதானே. உங்கள் கணக்கை யாரும் முடக்கவில்லை, வீட்டுக்குப் போலீஸ் வரவில்லை. அவர்கள் சொன்னது நியாயமா இல்லையா என்று நான் சொல்ல வேண்டுமானால் கேட்ட கேள்வி என்னவென்று எனக்குத் தெரிய வேண்டும். கடிதத்தில் அதை மட்டும் விட்டுவிட்டீர்கள். எழுதுங்கள்.