ஜென்டூவில் டாக்கர்: முதலில் கர்னலைப் பாருங்கள்

ஜென்டூ லினக்ஸில் (மென்பொருளை நாமே கம்பைல் செய்துகொள்ளும் லினக்ஸ் வகை) டாக்கரை (நிரல்களைக் கன்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) நிறுவுவது பற்றிப் பலர் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கு என் பதில்களும்.

கேள்வி: எமர்ஜ் (ஜென்டூவின் நிறுவல் கட்டளை) போட்டு டாக்கரை இன்ஸ்டால் செய்தேன். கம்பைல் ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தது. ஆனால் டெமனை (பின்னணியில் ஓடும் டாக்கர் சேவை) ஸ்டார்ட் செய்தால் உடனே நின்றுவிடுகிறது. பேக்கேஜில் கோளாறா?

பதில்: பேக்கேஜைச் சந்தேகிக்கும் முன் கர்னலை, அதாவது லினக்ஸின் மையக்கருவைப் பாருங்கள். கன்டெய்னர் என்பதே லினக்ஸ் கர்னல் தரும் வசதிகளின் கூட்டுதான். ஒரு ப்ராசஸின் கண்ணுக்கு எதெல்லாம் தெரியலாம் என்பதை நேம்ஸ்பேஸ் பார்த்துக்கொள்கிறது. அது எவ்வளவு மெமரி, எவ்வளவு சிபியு எடுக்கலாம் என்பது சிகுரூப்பின் பொறுப்பு. டாக்கர் வெளிவந்தது 2013இல். சிகுரூப்போ 2008இலேயே 2.6.24 கர்னலில் சேர்ந்துவிட்டது. ஏற்கெனவே இருக்கும் இவற்றை டாக்கர் இணைத்து இயக்குகிறது, அவ்வளவுதான்.

மற்ற டிஸ்ட்ரோக்களில் தயார் கர்னலிலேயே எல்லாம் இருப்பதால் இந்தச் சங்கதி யார் கண்ணிலும் படுவதில்லை. ஜென்டூவில் கர்னலை நீங்களே கான்ஃபிகர் செய்திருந்தால், தேவையில்லை என்று நீங்கள் அணைத்த ஏதோ ஒன்றைத்தான் டாக்கர் இப்போது தேடிக்கொண்டிருக்கும்.

எமர்ஜ் ஓடும்போதே உங்கள் கர்னலில் எந்த ஆப்ஷன்கள் குறைகின்றன என்று சோதித்து எச்சரிக்கை தரும். ஆனால் நிறுவுவதை நிறுத்தாது. அதனால்தான் பலர் அதைப் படிக்காமலே கடந்துவிடுகிறார்கள். திரும்பிப் போய்ப் படியுங்கள். டாக்கரோடு செக்-கான்ஃபிக் என்று ஒரு ஸ்கிரிப்டும் வருகிறது, அதையும் ஓட்டுங்கள். அவசியமானவை, விருப்பமானவை என்று இரண்டு பகுதியாகப் பட்டியல் கொடுக்கும். முதல் பகுதியில் ஒன்றுகூடக் குறையக் கூடாது. இரண்டாம் பகுதியில் எல்லாம் பச்சையாக வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம்.

பிழைச் செய்தியை வைத்தே பாதி ஊகிக்கலாம். டெமனே எழாமல், நாட் செயினை (பாக்கெட்டின் முகவரியை மாற்றும் விதி வரிசை) உருவாக்க முடியவில்லை என்று சொன்னால் கர்னலின் பாக்கெட் வடிகட்டியான நெட்ஃபில்டர் பக்கம் போங்கள்: மாஸ்கரேட், கான்ட்ராக், அட்ரஸ்டைப் மேட்ச் மூன்றையும் சரிபாருங்கள். டெமன் நன்றாக எழுந்து, கன்டெய்னரை ஓட்டும்போது நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் ஜோடியைச் சேர்க்க முடியவில்லை என்றால் பெரும்பாலும் வீத் (அந்த ஜோடியைத் தரும் கர்னல் ஆப்ஷன்) இல்லை. ஸ்டோரேஜ் பற்றிப் புலம்பினால் ஓவர்லே ஃபைல்சிஸ்டம் (பல அடுக்குகளை ஒன்றாகக் காட்டும் கோப்பு முறை) இல்லை என்று பொருள்.

கேள்வி: நான் மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் (கர்னல் ஆப்ஷன்களைத் தானே குறைக்கும் கட்டளை) ஓட்டிச் சின்னதாக ஒரு கர்னல் கட்டினேன். அது என் கணினிக்குத் தேவையானதை மட்டும்தானே எடுக்கும்?

பதில்: அந்த நொடியில் லோட் ஆகியிருக்கும் மாட்யூல்களை (தேவைப்படும்போது கர்னலில் ஏற்றும் துண்டுகள்) மட்டும் எடுக்கும். சிக்கலே அங்கேதான். டாக்கரை இன்னும் ஒருமுறைகூட ஓட்டாத கணினியில் வீத், பிரிட்ஜ், ஓவர்லே எதுவும் லோட் ஆகியிருக்காது. அதனால் மூன்றும் போய்விடும். கட்டளையைக் கொடுக்கும் முன் தேவையான மாட்யூல்களை மாட்ப்ரோப் மூலம் கையால் ஏற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பிறகு மெனுகான்ஃபிக்கில் (கர்னல் ஆப்ஷன்களைத் தேர்ந்தெடுக்கும் மெனு) சேர்த்து மறுபடி கட்டுங்கள்.

கர்னல் கட்டுவதில் தனி ஆர்வம் இல்லாதவர்களுக்கு என் பரிந்துரை, ஜென்டூ-கர்னல்-பின் என்ற தயார் கர்னல். டாக்கர் கேட்பது எல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கிறது. ஜென்டூவில் இருந்துகொண்டு பைனரி கர்னலா என்று கூச்சப்பட ஒன்றும் இல்லை. 2023 டிசம்பர் முதல் ஜென்டூவே பைனரி பேக்கேஜ்களைப் பரவலாக வழங்குகிறது.

கேள்வி: அண்ணா, டெமன் ஓடுகிறது. ஆனால் டெர்மினலில் டாக்கர் என்று அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது!

பதில்: அந்தக் கட்டளையைத் தரும் டாக்கர்-சிஎல்ஐ தனிப் பேக்கேஜ், தம்பி. அதையும் எமர்ஜ் செய்துவிடு. பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் கம்போஸ் வேண்டுமென்றால் அதுவும் தனிதான்.

கேள்வி: நேற்று வரை நன்றாக ஓடியது. சிஸ்டத்தை அப்டேட் செய்து, டெப்க்ளீனும் (தேவையற்ற பழைய பேக்கேஜ்களை நீக்கும் கட்டளை) ஓட்டினேன். இப்போது புதுக் கன்டெய்னர் எதுவும் எழவில்லை. கான்ஃபிக்கை நான் தொடவே இல்லை.

பதில்: ரீபூட் செய்யவில்லை, சரியா? மெமரியில் ஓடுவது பழைய கர்னல். அதன் மாட்யூல்களை டெப்க்ளீன் டிஸ்கிலிருந்து எடுத்துவிட்டிருக்கும். ஏற்கெனவே லோட் ஆனவை வேலை செய்யும், புதிதாக ஒன்றைக் கேட்டால் கிடைக்காது. யூநேம் காட்டும் வெர்ஷனையும் லிப் மாட்யூல்ஸ் அடைவில் இருக்கும் வெர்ஷனையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் ரீபூட்தான் மருந்து. இனிமேல் புதுக் கர்னலில் பூட் ஆன பிறகே டெப்க்ளீன் ஓட்டுங்கள்.

கேள்வி: கணினி எழும்போது சேவைகளைத் தொடங்க ஓப்பன்ஆர்சி வைத்திருக்கிறேன். அதே வேலையைச் செய்யும் சிஸ்டம்டிக்கு மாறினால்தான் டாக்கர் ஒழுங்காக ஓடுமா?

பதில்: மாறவே வேண்டாம். ஆர்சி-அப்டேட் மூலம் டாக்கரை டிஃபால்ட் ரன்லெவலில் (கணினி எழும்போது தொடங்கும் சேவைகளின் பட்டியல்) சேர்த்தால் போதும். கூடவே ஆர்சி.கான்ஃப் கோப்பில் சிகுரூப் மோட் யூனிஃபைட் என்று இருக்கிறதா பாருங்கள், அதுதான் சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பு. டாக்கர் 20.10 முதல் அதை ஏற்றுக்கொள்கிறது.

கேள்வி: ஒவ்வொரு முறையும் சூடோ போடுவது எரிச்சலாக இருக்கிறது. டாக்கர் குரூப்பில் என் யூசரைச் சேர்த்துவிடலாமா?

பதில்: சேர்க்கலாம். ஆனால் எதைக் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து கொடுங்கள். அந்தக் குரூப்பில் இருப்பவர் முழு டிஸ்கையும் ஒரு கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்து, உள்ளே ரூட்டாக உட்கார்ந்து, பாஸ்வேர்ட் கோப்பையே திருத்தலாம். பாஸ்வேர்ட் கேட்காத சூடோவும் இதுவும் ஒன்றுதான். நீங்கள் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் லேப்டாப் என்றால் சரி. பலர் நுழையும் சர்வரில் தயவுசெய்து வேண்டாம்.

அங்கே ரூட் உரிமை இல்லாமலே டாக்கரை ஓட்டும் ரூட்லெஸ் முறை இருக்கிறது. அல்லது டாக்கர் போன்ற இன்னொரு கருவியான பாட்மேன் போடுங்கள், அதற்குத் தனி டெமனே கிடையாது. இரண்டுக்குமே கர்னலில் யூசர் நேம்ஸ்பேஸ் வேண்டும். சப்யுஐடி, சப்ஜிஐடி கோப்புகளில் உங்கள் யூசருக்கு எண் வரம்பு ஒதுக்கியிருக்க வேண்டும். கர்னல் 5.11 அல்லது அதற்கு மேல் இருந்தால் ரூட் இல்லாமலே ஓவர்லேயை மவுன்ட் செய்யலாம்.

கேள்வி: ஃபயர்வாலில் எல்லாப் போர்ட்டையும் மூடிவிட்டேன். இருந்தும் கன்டெய்னரில் ஓடும் டேட்டாபேஸ் வெளியிலிருந்து திறக்கிறது. எப்படி?

பதில்: இதை உடனே சரிசெய்யுங்கள். நீங்கள் பூட்டியது இன்புட் செயினை, அதாவது கணினிக்கே வரும் பாக்கெட்டுகளுக்கான விதி வரிசையை. டாக்கர் பப்ளிஷ் செய்த போர்ட்டுக்கு வரும் பாக்கெட் முகவரி மாற்றப்பட்டு ஃபார்வர்ட் செயின் வழியாகப் போகிறது, உங்கள் விதிகளைத் தொடுவதே இல்லை. வெளியே தேவைப்படாத போர்ட்டை 127.0.0.1 (இந்தக் கணினிக்குள் மட்டும் செல்லும்) முகவரியோடு சேர்த்து பப்ளிஷ் செய்யுங்கள். அப்புறம், உங்கள் சொந்த விதிகளை டாக்கர்-யூசர் என்ற செயினில் எழுதுங்கள். டாக்கர் தன் விதிகளுக்கு முன்னால் அதைத்தான் பார்க்கிறது.

கேள்வி: மார்ச்-நேட்டிவ் (என் சிபியுவுக்கென்றே கட்டச் சொல்லும் ஆப்ஷன்) போட்டு ஒவ்வொன்றையும் கம்பைல் செய்தவன் நான். டாக்கர் இமேஜுக்குள் (கன்டெய்னருக்கான தயார் கோப்புத் தொகுப்பு) அந்தப் பலன் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. உங்கள் கர்னல் மட்டும்தான் பொது. இமேஜுக்குள் இருக்கும் நிரல்கள் வேறு யாரோ, பொதுவான சிபியுவுக்காகக் கட்டியவை. வேண்டுமென்றால் ஜென்டூவின் அடிப்படைத் தொகுப்பான ஸ்டேஜ்3 இமேஜை எடுத்து, உள்ளே நீங்களே கம்பைல் செய்யலாம். அப்போது ஜென்டூவின் பேக்கேஜ் நிர்வாகியான போர்ட்டேஜின் பிஐடி, ஐபிசி, நெட்வொர்க் சாண்ட்பாக்ஸ் மூன்றையும் ஃபீச்சர்ஸ் வரியில் அணைத்துவிடுங்கள். கன்டெய்னருக்குள் அவற்றுக்கு வேண்டிய உரிமை கிடைப்பதில்லை.

கேள்வி: டாக்கரை அப்டேட் செய்து டெமனை ரீஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் எல்லாக் கன்டெய்னரும் நின்றுபோகிறது. தவிர்க்க வழி உண்டா?

பதில்: டெமன்.ஜேசான் கோப்பில் லைவ்-ரீஸ்டோரை ட்ரூ என்று வையுங்கள். டெமன் போய் வரும்வரை கன்டெய்னர்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்வார்ம் (பல கணினிகளின் டாக்கரை ஒன்றாக இயக்கும் முறை) பயன்படுத்தினால் இது செல்லாது, டாக்கரின் பெரிய பதிப்பு மாறும் அப்டேட்டுக்கும் உத்தரவாதம் இல்லை.