மூச்சுக்குழல் ஸ்லைடு: அடுக்கா, போலியடுக்கா?

வணக்கம். மூச்சுக்குழல் ஸ்லைடில் நியூக்ளியஸ்கள் இரண்டு மூன்று வரிசையாகத் தெரிந்ததால் 'அடுக்கு எபிதீலியம்' (பல அடுக்கு செல்களாலான மேலுறைத் திசு) என்று எழுதி மதிப்பெண் போய்விட்டது என்கிறீர்கள். நிறைய பேர் தடுமாறுகிற இடம் இது.

அங்கே எல்லா செல்களும் அடித்தளச் சவ்வை (திசுவுக்கு அடியில் உள்ள மெல்லிய படலத்தை) தொட்டபடிதான் நிற்கின்றன. சில செல்கள் குட்டை, மேற்பரப்பு வரை எட்டுவதில்லை. அதனால் நியூக்ளியஸ்கள் மேலும் கீழுமாக அமைந்து அடுக்குப் போலத் தெரிகின்றன. உண்மையில் ஒரே அடுக்குதான்; அதனால்தான் இதற்குப் 'போலியடுக்கு எபிதீலியம்' என்று பெயர்.

தேர்வில் அடித்தளச் சவ்வைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நேராக மேல் ஓரத்தைப் பாருங்கள். முடி போன்ற மெல்லிய குறுயிழைகளும், இடையிடையே வெளிறிப்போய் வயிறு பருத்த, சளி சுரக்கும் கோப்பை செல்களும் இருந்தால் போலியடுக்குதான்.

அப்புறம் உணவுக்குழல் ஸ்லைடை வைத்து ஒப்பிடுங்கள். செல்கள் மேலே போகப் போகத் தட்டையாகி, ஓரத்தில் நியூக்ளியஸ் கோடு மாதிரி படுத்திருக்கும். அதுதான் உண்மையான அடுக்கு. மேல்வரிசை செல்லின் வடிவத்தை வைத்தே பெயர் என்பதால் 'அடுக்குத் தட்டை எபிதீலியம்' என்று முழுதாக எழுதுங்கள். சிறுநீர்ப்பையில் மேல்வரிசை குடை போல உப்பியிருக்கும். அது மாறுநிலை எபிதீலியம் (பை விரியும்போது செல்களின் வடிவம் மாறும் வகை).

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்கக்கூடிய ஒன்று: நெடுங்காலம் புகைபிடித்தவரின் மூச்சுப்பாதையில் சில இடங்களில் போலியடுக்கு மறைந்து அடுக்குத் தட்டை எபிதீலியம் வந்துவிடும். அங்கே சளியைத் தள்ளக் குறுயிழை இருக்காது; இருமித்தான் வெளியேற்ற வேண்டும்.

நுண்ணோக்கியின் 40எக்ஸ் (40 மடங்கு பெரிதாக்கும்) லென்ஸில் பாருங்கள். 10எக்ஸில் இழைகள் சரியாகத் தெரியாது.