கூச்சமும் அழுக்கும் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

பரிமாற்ற மாணவியாக ஒரு பருவம் படிக்க சியோல் வந்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை வகுப்புத் தோழிகள் ஜிம்ஜில்பாங் என்ற கொரியப் பொதுக் குளியலிடத்துக்குப் போகலாம் என்கிறார்கள். அங்கே துணியில்லாமல்தான் குளிக்கவேண்டும் என்று கேள்விப்பட்டதிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது. நீச்சலுடை போட்டுக்கொண்டால் விடுவார்களா? ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிப்பதா? நான் முட்டைகூடச் சாப்பிடாத சைவம். கையில் பணமும் அளவாகத்தான் இருக்கிறது.

ஒரு மாணவி

அன்புள்ள தங்கைக்கு,

நீச்சலுடைக்கு அனுமதி இல்லை. துணி எதுவும் தொட்டித் தண்ணீருக்குள் வரக்கூடாது என்பது அங்கே கணக்கு. நமக்கு உடம்பு தெரிந்தால் கூச்சம். அவர்களுக்கு, கழுவாத உடம்போடு ஒருவர் தொட்டியில் இறங்கினால் அருவருப்பு. யாராவது உங்களை முறைத்தால், முதலில் குளிக்காமல் இறங்கினீர்களா, கூந்தலை முடிந்துகொள்ளவில்லையா என்று பாருங்கள்.

ஒரே கட்டடத்தில் இரண்டு இடங்கள் இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். மொக்யோக்தாங் என்பது குளிக்கும் பகுதி. ஆண், பெண் தனித்தனி, துணி கிடையாது. ஜிம்ஜில்பாங் என்பது சூட்டறைகளைச் சுற்றிய பொதுக்கூடம். அங்கே எல்லோரும் கலந்து இருப்பார்கள், அவர்களே தரும் டீ-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையும்தான் உடை. அரட்டை, தூக்கம், தீனி எல்லாம் இந்தக் கூடத்தில்தான். குளியல் வேண்டாமென்றால் உடைமாற்றி நேராக இங்கே வந்துவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். மாதவிலக்கு நாளென்றால் தொட்டியில் இறங்காதீர்கள். அதைச் சொன்னால் தோழிகளுக்குப் புரியும், சாக்கு தேவையில்லை.

வாசலில் செருப்பைச் சிறு பெட்டியில் பூட்டி, அந்தச் சாவியைக் கவுண்ட்டரில் கொடுக்கவேண்டும். பதிலுக்கு உடைப் பெட்டிக்கான, மணிக்கட்டில் மாட்டும் எண்ணிட்ட சாவி, உடை, சின்னத் துண்டு இரண்டு தருவார்கள். ஆண்கள் பகுதியில் துண்டு குவிந்து கிடக்கும். பெண்களுக்குப் பல இடங்களில் எண்ணித்தான் (ஏன் என்று கேட்டால் திரும்பி வருவதில்லையாம்). இரண்டுமே நம் ஊர்க் கைத்துண்டு அளவு. நீளக் கூந்தலுக்குப் போதாது, சொந்தமாக ஒன்று கொண்டுபோங்கள். ஷாம்பு பாக்கெட்டும்தான்.

குளிக்கும் பகுதியில் முதலில் ஷவர். சோப்புப் போட்டுத் தலைமுதல் கால்வரை கழுவி, கூந்தலை உச்சியில் முடிந்துகொண்டபின்தான் தொட்டி. ஒவ்வொரு தொட்டிக்கும் வெப்பநிலைப் பலகை இருக்கும். 38, 39 பாகையில் தொடங்குங்கள். 42-க்கு நேராகப் போனால் எழுந்திருக்கும்போது தலை சுற்றும்.

அழுக்குத் தேய்ப்பதைத் தவறவிடாதீர்கள். இதற்கென்று கையில் மாட்டிக்கொள்ளும் கரடுமுரடான சிறு பை, ‘இத்தாலித் துண்டு’, 1960-களில் பூசான் நகரில் உருவானது. துணி இத்தாலியிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். நம் பீர்க்கங்கூட்டைவிட முரடு. தொட்டியில் இருபது முப்பது நிமிடம் ஊறியபின், சோப்பில்லாமல் தேய்க்கவேண்டும். சோப்பு இருந்தால் பை வழுக்கும், அழுக்குத் திரளாது. ஊறாமல் தேய்த்தால் அழுக்குக்குப் பதில் தோல் போய்ச் சிவந்துவிடும். சரியாக ஊறியிருந்தால் ரப்பர் துகள் போல் சாம்பல் நிறத்தில் உருண்டு உருண்டு வரும். பையைக் கடையில் வாங்கித் தோழிகள் ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துக்கொண்டால் செலவே இல்லை. கறுப்பு உள்ளாடையோடு நிற்கும் அம்மாக்களிடம் தேய்த்துக்கொள்ளத் தனிக் கட்டணம். பல இடங்களில் அது நுழைவுக் கட்டணத்தைவிடக் கூடுதல். அவர்கள் படுக்கையைத் தட்டினால் திரும்பிப் படுங்கள் என்று அர்த்தம். வலித்தால் “சால்சல்” என்று சொல்லுங்கள், மெதுவாக்குவார்கள். கையில் மருதாணி இருந்தால் மங்கிவிடும். முந்தைய நாள் காலில் மயிர் மழித்திருந்தால் தேய்ப்பை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தேய்த்த கையோடு உப்பறைக்குப் போகாதீர்கள், எரியும். சூட்டறைகள் கரி, செம்மண், உப்பு என்று பலவகை. வெப்பநிலை கதவிலேயே எழுதியிருக்கும். சங்கிலி, கம்மல், கண்ணாடி எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துவிட்டுப் போங்கள். உலோகம் சூடேறிச் சுடும். பத்து நிமிடம் உள்ளே, பிறகு பனியறை, நிறையத் தண்ணீர்.

தீனியில், எல்லோரும் உடைத்துத் தின்னும் பழுப்பு நிற வாட்டிய முட்டை உங்களுக்கு ஆகாது. சிக்கே குடிக்கலாம்: முளைகட்டிய வாற்கோதுமைத் தண்ணீரில் சோற்றை ஊறவைத்துச் செய்யும் குளிர்ந்த இனிப்புப் பானம், சோற்றுப் பருக்கை மிதக்கும். கடற்பாசி சூப்பை நம்பாதீர்கள், பெரும்பாலும் மாட்டிறைச்சியோ சிப்பியோ இருக்கும். வாங்குவதையெல்லாம் பல இடங்களில் மணிக்கட்டு எண்ணில் எழுதிவிட்டு வெளியேறும்போதுதான் கேட்பார்கள். கணக்கை மனதில் வைத்திருங்கள்.

பணம் கரைவது ஜிம்ஜில்பாங்கில் அல்ல, அதற்குப் பிறகு. கொரியர்களின் ஒரு மாலை இல்ச்சா, இச்சா, சம்ச்சா என்று சுற்றுச் சுற்றாகப் போகும்: சாப்பாடு ஒரு கடை, குடி ஒரு கடை, பாட்டு ஒரு கடை. ஒவ்வொன்றிலும் பில்லைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். முதல் சுற்றோடு கிளம்புவது குற்றமில்லை, ஆனால் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பாட்டுக்கு ‘காயின் நோரேபாங்’ (காசு போட்டுப் பாடும் சிற்றறை) போதும், ஆயிரம் வோன் நோட்டுப் போட்டால் சில பாட்டு. ஹான் ஆற்றங்கரைக்கு ‘தருங்ஙி’ பொதுச் சைக்கிளை ஒரு மணி நேரச் சீட்டில் எடுத்தால் அந்த நேரத்துக்குள் ஏதாவது நிலையத்தில் பூட்டிவிட்டு மறுபடி எடுங்கள், இல்லையென்றால் கூடுதல் கட்டணம் ஓடும்.

கடைசி மெட்ரோ நள்ளிரவை ஒட்டிப் போய்விடும். தவறினால் ஜிம்ஜில்பாங் கூடத்திலேயே பாய் விரித்துத் தூங்கலாம். இரவுக்கும் திறந்திருக்குமா, கூடுதல் கட்டணம் உண்டா என்று நுழையும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். போனைத் தலைமாட்டில் வைக்காமல் பெட்டியில் பூட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா